அல்லி கதை தேடிப் போன பழைய புத்தகக் கடை

மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து மேலமாசி வீதிப் பக்கம் பிரிகிற சந்து ஒன்றில் இருக்கும் பழைய புத்தகக் கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று கடைக்கார ஐயா கேட்டுக்கொண்டார். கூட்டம் சேர்ந்துவிட்டால் வருகிறவர்களோடு உட்கார்ந்து பேச முடியாமல் போய்விடும் என்பது அவர் கவலை, அதனால் போடவில்லை. பாரதப் புத்தகம் விற்கிற கடை எது என்று அங்கே டீக்கடையில் கேட்டால் கைகாட்டி விடுவார்கள்.

நான் போனது அல்லி அரசாணி மாலை என்கிற கதைப்பாட்டுப் புத்தகத்துக்காக. மேலூர் பக்கம் எங்கள் அப்பத்தா களை எடுக்கும்போது அல்லி கதையைப் பாட்டாகவே சொல்லும், எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அடி பிசகாது. ஒன்பதாவது படிக்கிற என் மகள் போன மாதம் "அல்லி ராஜ்ஜியம்னு சொல்றாங்களே, அல்லி யாரும்மா?" என்று கேட்டபோது எனக்குப் பாதிதான் நினைவிருந்தது. முன்பெல்லாம் இந்தப் பெரிய எழுத்துப் புத்தகங்கள் புதுமண்டபத்திலேயே கிடைக்கும், தையல் மிஷின் சத்தத்துக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவில் தூணோரம் அடுக்கியிருப்பார்கள். கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு எனக்குப் பழக்கமான கடை விட்டுப்போயிற்று, இந்தச் சந்துக் கடையைத் தோழி ஒருத்தி சொல்லித்தான் தெரியும்.

ஐயாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என்ன வேண்டும் என்று கேட்டவர், அல்லி என்றதும் எழுந்து போய் மூன்று புத்தகங்களை எடுத்து வந்து வைத்தார். ஒன்று நான் கேட்ட மாலை. இன்னொன்று வில்லிபாரதம், அதாவது வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய பாரதம், அதன் ஆதி பருவம், உரையோடு. மூன்றாவது கும்பகோணம் பதிப்பின் ஆதி பர்வம், வியாசர் சொன்னதை வசனமாகத் தமிழில் தருவது, அட்டை கிழிந்து மறுபடி பைண்டு செய்தது. "தாயி, மாலையை மட்டும் வாசிச்சா அர்ச்சுனன் மேல கோவம் மட்டும்தான் வரும். மூணையும் வாசி, அந்தக் கோவம் எங்கருந்து வருதுன்னு தெரியும்" என்றார். விற்கிறதற்காகச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவரோ "கும்பகோணத்தை வாங்க வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிச்சுட்டுத் திருப்பிக் கொடு, அதுக்கு 50 ரூபா போதும்" என்று சொல்லி, தினசரி காலண்டர் தாளைக் கிழித்து இரண்டு இடங்களில் செருகிக் கொடுத்தார். இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்ததே அந்த இரண்டு தாள்களால்தான்.

முதல் தாள் இருந்த இடம், அர்ச்சுனன் வனவாசம் கிளம்புகிற இடம். ஒருவரோடு திரௌபதி இருக்கும்போது மற்றவர் உள்ளே போனால் 12 வருஷம் பிரம்மசரியத்தோடு காட்டுக்குப் போக வேண்டும் என்று ஐந்து பேரும் ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். ஒரு பிராமணரின் மாடுகளைத் திருடர்கள் ஓட்டிக்கொண்டு போகிறார்கள், அவர் அரண்மனை வாசலில் நின்று கதறுகிறார், ஆயுதங்களோ தருமரும் திரௌபதியும் இருக்கிற அறையில். அர்ச்சுனன் யோசித்துவிட்டு உள்ளே போய் வில்லை எடுக்கிறான், மாடுகளை மீட்டுக் கொடுக்கிறான், திரும்பி வந்து காட்டுக்குப் போக விடை கேட்கிறான். தருமர் விட மாட்டேன் என்கிறார், அண்ணன் இருக்கிற இடத்துக்குத் தம்பி வந்தது குற்றமே இல்லை, தம்பி இருக்கிற இடத்துக்கு அண்ணன் போனால்தான் குற்றம் என்று சமாதானம் சொல்கிறார். தருமத்தைச் சாக்குச் சொல்லிக்கொண்டு செய்யக் கூடாது என்று உங்களிடம்தானே கேட்டிருக்கிறேன் என்று பதில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான் அர்ச்சுனன்.

இரண்டாவது தாள் சில பக்கம் தள்ளித்தான் இருந்தது. கங்கையில் குளிக்க இறங்கியவனை நாககன்னி உலூபி நீருக்குள் இழுத்துக்கொண்டு போகிறாள். உன்மேல் ஆசைப்பட்டுத்தான் இழுத்து வந்தேன் என்கிறாள். அவன் விரதத்தைச் சொல்கிறான், சொல்லிவிட்டு, என் வாக்கும் பொய்யாகாமல் தருமமும் கெடாமல் உன் விருப்பத்தை எப்படி நிறைவேற்றுவது, நீயே சொல் என்று அவளிடமே கேட்கிறான். அவள் வழி சொல்கிறாள்: அந்த விரதம் திரௌபதி விஷயத்துக்கு மட்டும்தான், தவித்து நிற்கிற என் உயிரைக் காப்பாற்றுவது உனக்குத் தருமம், கொஞ்சம் பிசகினாலும் உயிர் கொடுத்த புண்ணியத்தில் சரியாகிவிடும். அவன் ஒத்துக்கொள்கிறான்.

சாக்கு கூடாது என்று அண்ணன் கொடுத்த சாக்கையே தள்ளியவன், சில பக்கங்களில் சாக்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். ஆசையா கடமையா என்று பட்டிமன்றத்தில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், இரண்டையும் இரண்டு பக்கமாக நிறுத்தித்தான் பேசுவார்கள். பாரதத்தில் அவை அப்படி எதிரெதிரே நிற்பதில்லை. கடமைக்காக வீட்டைவிட்டுப் போன வழியில்தான் அவனுக்கு ஆசை வந்து சேர்கிறது, ஆசைக்கும் கடமையின் பெயர்தான் வைக்கப்படுகிறது. அடுத்தடுத்து தாள் வைத்துக் காட்டியிராவிட்டால் நான் தாண்டிப் போயிருப்பேன்.

அதற்கு அடுத்துத்தான் நம் ஊர்க்காரி அல்லி வருகிறாள். வியாசரிடம் அவள் சித்ராங்கதை, பிறக்கும் பிள்ளை எங்கள் வம்சத்துக்கு வேண்டும் என்ற நிபந்தனையோடு அப்பா கொடுக்கிறார், அவன் மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போய்விடுகிறான். வில்லிபுத்தூராரிடம் அவளே மதுரைப் பாண்டியன் மகள். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குகிற மாலையிலோ அவள் யாருக்கும் மகளாக மட்டும் இல்லை, மதுரையை ஆள்கிற அல்லி, ஆண் துணையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு ராஜ்ஜியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். ஆசைப்பட்டவன் அர்ச்சுனன். அவள் சம்மதிக்கவில்லை. கண்ணன் பாம்பாட்டியாக வர இவன் பாம்பாகி அவள் படுக்கைவரை போய், தூங்குகிறவள் கழுத்தில் தாலியைக் கட்டிவிடுகிறான். விழித்துப் பார்த்த அல்லியின் கோபத்தை அந்தப் புத்தகம் அடக்கி வாசிக்கவில்லை. இங்கே ஆசை அவனுடையது, நாட்டைக் காக்கிற கடமை அவளுடையது, அவன் ஆசைக்கு அவள் கடமை விலையாகிறது. அப்பத்தா அந்த இடம் வந்ததும் ஏன் களைக்கொட்டை நிறுத்திவிட்டுப் பாடும் என்று இப்போது புரிகிறது. மகள் மாலையைச் சத்தமாக வாசித்தாள், தாலி கட்டுகிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு "இது கல்யாணமே இல்லம்மா" என்றாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், அவளிடமும் சொன்னேன்.

சரி, புத்தகத்தின் தரம். மாலை 120 ரூபாய், தாள் மட்டம்தான், மை சில பக்கங்களில் பின்பக்கம் தெரிகிறது, ஆனால் எழுத்து பெரிது, கண்ணாடி இல்லாமல் ராத்திரி வாசிக்கலாம், நாலு பேருக்கு வாசித்துக் காட்டுவதற்கென்றே அச்சடிப்பது. வில்லியில் நடுவே ஒரு ஃபாரம், 16 பக்கம், இல்லை. திருப்பி எடுத்துப் போனேன், ஐயா பேச்சே இல்லாமல் வேறு பிரதி கொடுத்து, மைதாப் பசை தடவி முதுகையும் ஒட்டிக் கொடுத்தார். வாங்கும்போதே பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள், பழைய புத்தகத்தில் இது எங்கும் நடக்கிறதுதான். ஜிபே உண்டு. உள்ளே தூசி அதிகம், ஆஸ்துமா இருப்பவர்கள் வாசலில் நின்றே கேட்டால் எடுத்து வந்து தருவார். ஞாயிறு மாலை கடை இல்லை.

திருப்பிக் கொடுக்கப் போனபோது சாந்தி பர்வத்தை நீட்டினார், அதிலும் காலண்டர் தாள். போரெல்லாம் முடிந்த பிறகு அறம் பொருள் இன்பத்தில் எது பெரிது என்று பாண்டவர்களும் விதுரரும் பேசுகிற இடம். விதுரர் அறம் என்கிறார், அர்ச்சுனன் பொருள் என்கிறான், ஆசைதான் பெரிது என்று நிற்கிறவன் பீமன். ஆசை இல்லாதவன் பொருளையும் தேட மாட்டான், அறத்தையும் தேட மாட்டான், ரிஷிகள் தவம் செய்வதும் ஏதோ ஒன்றை விரும்பித்தான் என்கிறான், பிண்ணாக்கைவிட எண்ணெய் மேல், மோரைவிட நெய் மேல், கட்டையைவிடப் பூவும் காயும் மேல் என்று அடுக்குகிறான். ஒப்புக்கொள்ள முடிகிறதோ இல்லையோ, இதைத் தைரியமாக ஒருவன் எழுந்து சொல்ல அந்த நூலில் இடம் இருக்கிறது. இன்னும் முடிக்கவில்லை, இரண்டு வாரம் தவணை கொடுத்திருக்கிறார்.

இதே மாதிரி கதைப்பாட்டான பவளக்கொடி மாலையும் கேட்டு வைத்திருக்கிறேன், அவரிடம் இப்போது இல்லை. வீட்டுப் பரணில் பழைய பெரிய எழுத்துப் பிரதி கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், இந்தக் கடைக்குக் கொண்டுவந்து கொடுங்கள், அட்டை இல்லாவிட்டாலும் வாங்கிக்கொள்கிறார்.