ட்ரையருக்கு டைமர் மாற்றியதாகச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள், கவனம்

கனடாவில் ஸ்காபரோ பக்கம் உடுப்பு காயவைக்கிற பழைய ட்ரையர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள். ஸ்டார்ட் சுவிட்சில் வந்த ஒரு சின்னப் பழுதுக்கு எங்களிடம் 365 டொலர் வாங்கினார்கள், வரி தனி. மாற்றியதாகச் சொன்ன டைமரை அவர்கள் தொடவே இல்லை. அதைவிட எனக்குக் கோபம், கருகிப்போன வயரைக் கண்ணால் பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டுப் போனது.

எங்களுடையது 1998இல் செய்த மின்சார ட்ரையர். திரை, கணினிப் பலகை என்று ஒன்றும் கிடையாது. திருகுகிற டைமர், சூட்டைக் கூட்டிக் குறைக்கிற குமிழ், அழுத்துகிற ஸ்டார்ட் பொத்தான், அவ்வளவுதான். இப்படியான மெஷின்கள் கனகாலம் உழைக்கும். பொத்தானை அழுத்தினால் சிலவேளை ஓடும், சிலவேளை அசையாது. ஆனால் ஓடத் தொடங்கினால் உடுப்பு காய்ந்து முடியும்வரை நிற்காமல் ஓடும். இந்த அடையாளம் முக்கியம்.

திருத்த வந்தவர் பொத்தானை நாலு தரம் அழுத்திப் பார்த்தார். மின்சாரத் தொடர்பைச் சோதிக்கிற மீற்றர் எதுவும் வெளியே எடுக்கவில்லை. "கொன்ட்ரோல் போயிட்டுது அண்ணை, டைமர் மாத்த வேணும்" என்றார். 280 டொலர் என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். வேலை செய்தால் வருகைக் கட்டணம் இல்லை என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். காசாகத் தந்தால் வரி வேண்டாம் என்றும் கேட்டார். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை, கார்டில்தான் கட்டினார். பிறகு எங்களுக்குக் கைகொடுத்தது அதுதான்.

பாகத்தோடு திரும்பி வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். "மின்சார வேலை அக்கா, தள்ளி நில்லுங்கோ" என்று மனைவியைப் பேஸ்மென்ட் படியிலேயே நிறுத்திவிட்டார். பழைய டைமரைக் கேட்டதற்கு, கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். பில்லில் "கொன்ட்ரோல் மாற்றம்" என்று மட்டும் எழுதியிருந்தது, பாக இலக்கம் இல்லை. இல்லை என்று சொன்ன வருகைக் கட்டணம் 85ஐயும் சேர்த்திருந்தார்கள். கொஞ்சக் காலம் ஓடியது, அப்புறம் அதே பழுது. திரும்ப அழைத்தால் ஆளே வரவில்லை. "இப்ப மோட்டரும் போயிருக்கும், எங்களிட்ட பாவிச்ச ட்ரையர் ஒண்டு இருக்கு, எடுங்கோ" என்று தொலைபேசியிலேயே விற்கப் பார்த்தார்கள்.

என் பெரியப்பாவின் மகன் அடுக்குமாடிக் கட்டடங்களில் பராமரிப்பு வேலை செய்கிறவர். அவர் வந்து முதலில் பிளக்கைக் கழற்றினார். இங்கே மின்சார ட்ரையருக்கு வருவது 240 வோல்ட், 30 அம்பியர் இணைப்பு. பொத்தானை நிறுத்தி வைத்தால் போதும் என்று நினைத்து உள்ளே கை வைக்கக் கூடாது. மேல் பலகையைத் திறந்ததும், "தம்பி, இந்த டைமரை ஒருத்தரும் கழற்றவே இல்லை" என்றார். டைமரைப் பிடித்திருக்கிற திருகாணிகளின் தலைமேல் வருடக்கணக்கான பஞ்சுத்தூசி படிந்து கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை. தொடுவதற்கு முன்னம் படம் எடுத்துக்கொண்டோம்.

பிறகு ஸ்டார்ட் சுவிட்சைக் காட்டினார். அதில் செருகியிருந்த வயர் முனை தளர்ந்து கறுத்திருந்தது, உறை உருகிச் சுருங்கியிருந்தது. அந்த முனையைக் குறட்டால் நசுக்கி இறுக்கிய தடம் புதிதாகத் தெரிந்தது. வந்தவர் செய்த வேலை அது ஒன்றுதான். அதனால்தான் கொஞ்சக் காலம் ஓடியிருக்கிறது. தளர்ந்த இணைப்பு சூடேறும், சூடேறினால் இன்னும் தளரும். சுற்றிவர இருப்பதோ பஞ்சுத்தூசி. அதே பேஸ்மென்டில்தான் என் அம்மா படுக்கிறார்.

இந்தப் பழுது ஏன் டைமர் இல்லை என்று அண்ணை விளங்கப்படுத்தினார். இந்த வகை ட்ரையரில் மின்சாரம் டைமர், கதவுச் சுவிட்ச், சூடு மிஞ்சினால் மின்சாரத்தை அறுக்கிற வெப்ப ஃபியூஸ் எல்லாவற்றையும் தாண்டித்தான் மோட்டருக்குப் போகும். ஸ்டார்ட் சுவிட்சின் வேலை மோட்டரை உசுப்பிவிடுகிற அந்தக் கணத்துக்கு மட்டும். மோட்டர் வேகம் பிடித்ததும் அதற்குள்ளேயே இருக்கிற இன்னொரு சுவிட்ச் பொறுப்பை எடுத்துக்கொள்ளும், நாங்கள் விரலை எடுத்துவிடலாம். ஆனால் டைமர் ஊடாக மின்சாரம் கடைசிவரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியென்றால், ஒருமுறை தொடங்கி முழு நேரமும் ஓடுகிற மெஷினில் முதலில் சந்தேகப்பட வேண்டியது டைமரையா, ஸ்டார்ட் சுவிட்சையா? இந்த வேலையே செய்கிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்காது.

சோதிப்பதும் லேசு. பிளக் கழற்றியபடி, சுவிட்சின் வயர்களை எடுத்துவிட்டு மல்டிமீற்றரை மின்தடை அளக்கிற ஓமில் வைத்துப் பார்த்தார். பொத்தானை அழுத்தும்போது சுழியத்துக்குக் கிட்டக் காட்ட வேண்டும், விட்டால் தொடர்பு அறுபட வேண்டும். எங்களுடையது அழுத்தினாலும் ஒரு தரம் காட்டியது, மறுதரம் காட்டவில்லை. மெஷினின் மாதிரி இலக்கம் கதவைத் திறந்தால் விளிம்பில் ஒட்டியிருக்கும், மின்சுற்றுப் படம் பலகைக்குள்ளேயே மடித்துச் செருகியிருந்தது. அந்த இலக்கத்தை வைத்துப் புதுச் சுவிட்ச் 28 டொலருக்கு வாங்கினோம். கருகிய வயர் முனையை வெட்டிவிட்டு, சூடு தாங்குகிற புது முனை பொருத்தினார். உள்ளே கிடந்த தூசியையும் உறிஞ்சி எடுத்தோம். ஒன்று மட்டும் யார் சொன்னாலும் செய்ய வேண்டாம்: கதவுச் சுவிட்சையோ வெப்ப ஃபியூசையோ தவிர்த்து வயரை நேராக இணைத்து ஓட்டக் கூடாது. அவை தீயைத் தடுக்க வைத்தவை.

காசு விஷயம். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடு எழுதியிருந்தால் அதற்கு மேல் 10 வீதத்தைத் தாண்டி வாங்க முடியாது. 280க்கு உச்சம் 308. தேவையில்லாத பாகமோ திருத்தமோ தேவை என்று சொல்வதையும் அந்தச் சட்டம் முறையற்ற செயல் என்கிறது. அப்படி நடந்தால் ஒப்பந்தம் செய்த ஒரு வருடத்துக்குள் அதை இரத்துச் செய்வதாக அறிவிக்கலாம். இதையெல்லாம் எழுதி, படங்களையும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. அதே கடிதத்தைக் கார்ட் நிறுவனத்துக்குக் கொடுத்து முறைப்பாடு செய்தோம்.

யாராவது திருத்த வந்தால் மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். பாக இலக்கத்தைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தை உங்கள் கையில் தர வேண்டும் என்று வேலை தொடங்க முன்னமே சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற ஆளை அப்போதே அனுப்பிவிடுவது நல்லது.

கார்ட் நிறுவனம் 280 டொலரைத் திருப்பித் தந்துவிட்டது. வருகைக் கட்டணம் 85 இன்னும் வரவில்லை, அதையும் விடப்போவதில்லை.