சைக்கிளுக்கு எந்த டிஸ்க் பிரேக்: கேபிளா, எம்டி200 ஹைட்ராலிக்கா?

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் எம்டிபி (மலைச் சைக்கிள்) ஓட்டினால், கேபிள் இழுத்து இயங்கும் டிஸ்க் பிரேக்குக்கு முதல் எதிரி உப்புக் காற்று. கேபிளில் துரு ஏறினால் லீவர் கனக்கும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் தேயத் தேய நாமே திருகிச் சரிசெய்ய வேண்டும். ஆனால் கேபிள் அறுந்தால் தெருமுனைக் கடையிலேயே மாற்றிவிடலாம்.

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குகளில் ஷிமானோ எம்டி200 மலிவு ரகம்தான். என்றாலும் பரங்கிமலை இறக்கத்தில் விரல் வலிக்காது. இரண்டு பிஸ்டன்கள் இருபுறமும் ஒரே சமயத்தில் பேடைத் தள்ளுகின்றன. தேய்மானத்துக்கேற்பத் தாமே நெருங்கியும் வருகின்றன. உள்ளே இருப்பது மினரல் ஆயில், ஈரத்தை உறிஞ்சாது. நம் ஊருக்கு அது பெரிய வசதி. (கார், பைக்குக்கான டாட் பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சீல் கெட்டுவிடும்.) ப்ளீட் செய்யத் தெரிந்த (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றத் தெரிந்த) மெக்கானிக்கைத் தேட வேண்டும், சரி. வேளச்சேரி டிராஃபிக்கில் தினமும் நின்று நின்று போகிறவருக்கு நான் எம்டி200-ஐத்தான் சொல்வேன்.