கோவைக்கு அலைவதா, வீட்டிலேயே பழக்குவதா? மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கான பயிற்சி வழிகள்: ஓர் ஒப்பீடு

தாராபுரத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையே ஒரு தோட்டத்துச் சாளையில் மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி, சுருக்கமாகச் சி.பி.: வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடலியக்கம் குறைபடும் நிலை) உள்ள மூன்று வயதுக் குழந்தை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் குடும்பத்தின் முன் பெரும்பாலும் மூன்று யோசனைகள் வைக்கப்படும். கோயம்புத்தூரில் ஒரு தெரபி மையத்துக்கு வாரத்தில் ஐந்து நாள் போய்வரலாம். அங்கேயே வாடகைக்கு வீடு பிடித்துத் தாயும் குழந்தையும் தங்கிவிடலாம். அல்லது பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்கு வரும் பிசியோதெரபிஸ்டிடம் அவ்வப்போது காட்டிவிட்டு மற்ற நாட்களில் வீட்டிலேயே பழக்கலாம். முதல் இரண்டும் அக்கறையுள்ள பெற்றோர் செய்வது என்றும், மூன்றாவது வேறு வழியில்லாதவர்கள் செய்வது என்றும் நம் ஊர்களில் ஒரு மதிப்பீடு நிலவுகிறது. நாற்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் அந்த மதிப்பீடு நிற்கவில்லை என்பதே என் முடிவு. ஆனால் மூன்றாவது வழி வெல்வதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவை இல்லாவிட்டால் அது வெறும் கைவிடலாகவே முடியும்.

ஒப்பிடுவதற்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: பயிற்சி நடக்கும் நேரத்தில் அசைவைச் செய்வது யார், குழந்தையா, மற்றவரா?

அதற்கு முன் குழந்தையின் நிலை தெரிந்தாக வேண்டும். ராபர்ட் பலிசானோ, பீட்டர் ரோசன்பாம் உள்ளிட்ட குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற வகைப்பாடு, மூளை முடக்குவாதக் குழந்தைகளை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலைக் குழந்தை தானாக நடக்கும், படியும் ஏறும். ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலையை நிமிர்த்திப் பிடிக்கவே துணை வேண்டும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, அதே குழுவினர் 2002-இல் வளர்ச்சி வரைகோடுகளை வெளியிட்டார்கள். முதல் நிலைக் குழந்தைகள் தங்களால் எட்டக்கூடிய உடலியக்கத் திறனில் 90 விழுக்காட்டை ஐந்து வயதை ஒட்டி எட்டிவிடுகிறார்கள் என்றும், ஐந்தாம் நிலைக் குழந்தைகள் மூன்று வயதுக்குள்ளேயே எட்டிவிடுகிறார்கள் என்றும் அவை காட்டின. இந்தக் கணக்கு உட்காருதல், தவழுதல், நடத்தல் போன்ற பெரிய இயக்கங்களுக்கு உரியது. பேச்சுக்கும் படிப்புக்கும் கைவேலைக்கும் இதே வயதெல்லையைப் பொருத்திவிடக் கூடாது. இருந்தாலும், ‘கொஞ்சம் பெரியவனாகட்டும், பார்த்துக்கலாம்’ என்று அப்பாருவும் அம்மச்சியும் ஆறுதலாகச் சொல்லும் சொல்லால் இழப்பு உண்டு என்பதை இந்த ஆய்வு ஐயமின்றி உணர்த்துகிறது. அதே ஆய்வு மறுபக்கமும் வெட்டும்: நான்காம் நிலைக் குழந்தையை ‘ஒரு வருடத்தில் நடக்க வைத்துவிடுகிறோம்’ என்று எந்த மையமாவது உறுதி கூறினால், அங்கே முன்பணம் கட்ட வேண்டாம்.

இப்போது முறைகளுக்கு வருவோம். தமிழ்நாட்டு மையங்களில் நெடுங்காலமாகப் புழங்கிவருவது பொபாத் முறை. பெர்த்தா பொபாத் என்ற பிசியோதெரபிஸ்டும் அவர் கணவரான மருத்துவர் கரேல் பொபாத்தும் 1940-களில் லண்டனில் உருவாக்கியது அது. தெரபிஸ்ட் தம் கைகளால் குழந்தையின் உடலைப் பிடித்து, தவறான அசைவைத் தடுத்து, சரியான அசைவை வரவழைப்பது அதன் அடிப்படை. எதிர்த்தரப்பில் நிற்பது இலக்கு சார்ந்த பயிற்சி. ‘ஆசாரத்திலிருந்து (முன்கூடத்திலிருந்து) வாசல்வரை தானாக நகர்ந்து வர வேண்டும்’, ‘டம்ளரைத் தானே பிடித்துக் குடிக்க வேண்டும்’ என்பதுபோல் குடும்பமே ஓர் இலக்கைச் சொல்லும். குழந்தை அந்தச் செயலையே, அது நடக்கும் இடத்திலேயே, முழுதாக, திரும்பத் திரும்பச் செய்து பழகும். அசைவு அழகாக இருக்கிறதா என்பது இரண்டாம்பட்சம்.

இந்தப் போட்டியில் முதல் பெரிய அடி 1988-லேயே விழுந்தது. அமெரிக்காவின் பால்டிமோரில் ஃப்ரெடரிக் பால்மர் குழுவினர், இரு கால்களிலும் இறுக்கம் மிகுந்த 48 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு ஓராண்டு முழுவதும் பொபாத் வழிப் பயிற்சி. மற்றதற்கு முதல் ஆறு மாதம் பெற்றோர் வீட்டில் செய்யும் விளையாட்டு, பேச்சு, அறிவுத்தூண்டல் பயிற்சிகள், அடுத்த ஆறு மாதம் பிசியோதெரபி. ஆறு மாத முடிவில் நடந்த குழந்தைகள் முதல் பிரிவில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. இரண்டாம் பிரிவில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். ஆய்வு சிறியதுதான், எனினும் பிற்காலத்தில் வந்த ஆய்வுகளும் இதே திசையில்தான் நகர்ந்தன. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழுவினர் 2013-லும் 2020-லும் வெளியிட்ட தொகுப்புகள், இலக்கு சார்ந்த பயிற்சிக்கும் முறையான வீட்டுப் பயிற்சிக்கும் பச்சை விளக்கு காட்டின. கையால் அசைத்துவிடும் பழைய வகைப் பொபாத்துக்குக் காட்டவில்லை. இன்று பொபாத் பெயரில் நடப்பவை எல்லாம் ஒன்றல்ல. அந்தப் பயிற்சி பெற்ற நல்ல தெரபிஸ்டுகள் பலர் இலக்கு வைத்தே வேலை செய்கிறார்கள். ஆகவே பெயர்ப்பலகையை விட்டுவிட்டு, பாயில் நடப்பதைப் பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரமும் குழந்தை மல்லாந்து படுத்திருக்க, ஒருவர் கால்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தால், அந்தக் கட்டணத்தில் குழந்தை கற்றது மிகக் குறைவு. எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதையும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும். குழந்தைக்கு அது சுகம், தாய்க்கும் பிள்ளைக்கும் நெருக்கம், அதற்குமேல் எதிர்பார்க்கலாகாது.

அடுத்து இடம். தாராபுரத்திலிருந்து கோயம்புத்தூர் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். தோட்டத்திலிருந்து பேருந்து நிறுத்தம் வருவது தனிக்கதை. முக்கால் மணி நேரப் பயிற்சிக்காக ஐந்து மணி நேரம் வழியில் கழிகிறது. அத்தனை நேரமும் குழந்தை மடியில் கிடக்கிறது, அதாவது எதையும் தானாகச் செய்யாமல் இருக்கிறது. தாய் பனியன் கம்பெனிக்கோ தறிக்கோ போய்க்கொண்டிருந்தவர் என்றால் அந்த வருமானமும் போயிற்று.

வீட்டுப் பயிற்சியின் பக்கம் நோவாக், ஆன் குசிக், நடாஷா லானின் மூவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. 36 குழந்தைகளைக் கொண்ட அந்த ஆய்வில், தெரபிஸ்ட் வகுத்துக் கொடுத்த பயிற்சியைப் பெற்றோர் வீட்டில் எட்டு வாரம் செய்த பிரிவு, எதுவும் செய்யாத பிரிவைவிடத் தெளிவாக முன்னேறியது. பெற்றோர் உண்மையில் செய்த அளவு, சராசரியாக மாதத்துக்கு 17.5 முறை, ஒவ்வொரு முறையும் 16.5 நிமிடம். ஒன்றுவிட்டு ஒருநாளைக்குச் சற்றுக் கூடுதலாக, கால் மணி நேரம்! ‘தினமும் மூன்று மணி நேரம் செய்தால்தான் பலன்’ என்று கேட்டுக் கேட்டுக் குற்றவுணர்வில் வாடும் தாய்மார்கள் இந்த எண்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருந்தது. இலக்கைக் குடும்பம் தேர்ந்தெடுத்தது. தெரபிஸ்ட் பயிற்சியை அந்த வீட்டுக்கேற்ப அமைத்தார். இடையிடையே தொடர்புகொண்டு மாற்றியமைத்தார். முடிவில் இலக்கு எட்டப்பட்டதா என்று அளந்தார்கள். படம் போட்ட ஜெராக்ஸ் தாளைக் கையில் கொடுத்து ‘வீட்டிலே செய்ங்கம்மா’ என்று அனுப்பிவிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கிராமப்புறத்தில் இதைச் செய்துகாட்டியவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள்: தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களை வீடுகளுக்கு அனுப்பி, கைபேசிச் செயலி வழியாக அவர்களைத் தெரபிஸ்டுகளோடு இணைத்திருக்கிறது. நம் பகுதியில் கிடைக்கும் துண்டுகள், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையத்துக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டு சிகிச்சை தர அரசு மருத்துவமனைகளோடு இணைந்து இயங்கும் மாவட்ட இடையீட்டு மையம் ஆகியவை. இவற்றைக் கோத்துக்கொள்ளும் வேலை பெற்றோர் தலையில்தான் விழுகிறது என்பது இந்த வழியின் பெரிய குறை.

ஆகவே என் தீர்ப்பு இது: வாரம் ஐந்து நாள் அலைவதைவிட, மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ நல்ல தெரபிஸ்டிடம் போய், இலக்கைப் புதுப்பித்துக்கொண்டு வந்து வீட்டில் பழக்குவதே மேல். விழுங்கும்போது புரையேறுகிறது, வலிப்பு கட்டுக்குள் இல்லை, புதிதாக ஸ்பிளின்ட் (கைகால்களைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் பட்டை) போட வேண்டியிருக்கிறது என்றால் நகரத்துக்கு மாற்று இல்லை. அப்போது சில வாரம் தங்குவதுகூடச் சரியே.

ஒரு கை மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு வேறொரு போட்டி உண்டு. நல்ல கைக்கு உறையோ கட்டோ போட்டு, வராத கையை வேலை வாங்குவது ஒரு முறை. இரண்டு கையும் சேர்ந்தால்தான் முடியும் வேலைகளைக் கொடுப்பது மற்றது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லீன் சக்செவ்ஸ்கி குழுவினர் சர்க்கஸ் விளையாட்டு முகாமாக நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து நாளில் 60 மணி நேரம் என்று இரண்டையும் சம அளவில் கொடுத்தபோது பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் குழந்தை எதற்கு அழாமல் இருக்கிறதோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். நம் வீடுகளில் இருகைப் பயிற்சிக்குப் பொருள் தேட வேண்டியதில்லை. கடலைக்காய் உரிப்பது, அவரைக்காய் நார் எடுப்பது, டப்பா மூடி திறப்பது எல்லாம் அதுதான். மணிக்கணக்கு முக்கியம். குறிப்பிட்ட ஓர் இலக்கை எட்டவே 14 முதல் 25 மணி நேரப் பயிற்சி வேண்டியிருக்கும் என்று மிஷெல் ஜாக்மன் குழுவினர் 2020-இல் கணக்கிட்டார்கள். மே மாத விடுமுறையில், அம்மச்சி வீட்டில் மற்றப் பிள்ளைகளோடு இருக்கும்போது, இது சுமையில்லாமல் நடக்கும்.

தசை இறுக்கத்துக்கான சிகிச்சைகளை ஒன்றுக்கொன்று எதிரியாக நிறுத்துவது சரியன்று. அவை வேறு வேறு குழந்தைகளுக்கானவை. போடாக்ஸ் ஊசி இறுக்கத்தைச் சுமார் மூன்று மாதம் தளர்த்தும், பிறகு திரும்பும். அந்த இடைவெளியில் பயிற்சி நடக்காவிட்டால் செலவு வீண். தண்டுவடத்தில் சில நரம்பு வேர்களை மட்டும் வெட்டும் அறுவை நிரந்தரமானது. இரு கால் இறுக்கம் உள்ள, ஓரளவு நடக்கக்கூடிய, கால்வலு உள்ள குழந்தைகளுக்கே அது ஏற்றது. எச்சரிக்கை வேண்டியது குதிகால் தசைநாணை நீட்டும் சிறிய அறுவையில்தான். நுனிக்காலில் நடக்கும் பிள்ளைக்கு அது உடனே பலன் தருவதுபோல் தெரியும். ஆனால் இரு காலும் பாதிக்கப்பட்ட குழந்தைக்குச் சிறுவயதிலேயே அதை மட்டும் செய்தால், சில ஆண்டுகளில் முழங்கால் மடங்கிக் குந்தியபடி நடக்கும் நிலை வரக்கூடும், அதைத் திருத்துவது கடினம். தேவையான எல்லா இடத்தையும் ஒரே அமர்வில் சரிசெய்வதையே இன்று குழந்தை எலும்பு மருத்துவர்கள் விரும்புகிறார்கள். இரண்டாவது கருத்துக் கேட்காமல் இதில் கையெழுத்துப் போட வேண்டாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் இடுப்பு எக்ஸ்ரே தவறக்கூடாது. மூளை முடக்குவாதக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகுகிறது. ஐந்தாம் நிலையில் இது ஏறக்குறைய 90 விழுக்காடு. தொடக்கத்தில் வலி இருக்காது. தென் சுவீடனில் 1994 முதல் முறையாகக் கண்காணித்து, மூட்டு முழுதாக நழுவுவதைப் பெருமளவு ஒழித்துவிட்டார்கள். எக்ஸ்ரே தாராபுரத்திலேயே எடுக்கலாம், படிக்கத் தெரிந்தவரிடம் அனுப்பினால் போதும். அன்றாடம் தெரபிக்கு அலையும் பல குடும்பங்களிடம் இந்த ஒரு படம் இருப்பதில்லை என்பது எனக்குப் பெரிய முரணாகப் படுகிறது.

மூடிய அறையில் கூடுதல் அழுத்தத்தில் ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் அழுத்த ஆக்சிஜன் அறைபற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கனடாவில் 111 குழந்தைகளிடம் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், அழுத்த ஆக்சிஜன் பெற்றவர்களும், லேசான அழுத்தத்தில் சாதாரணக் காற்றைப் பெற்றவர்களும் ஒரே அளவில்தான் முன்னேறினர். ஸ்டெம் செல் சிகிச்சையைப் பொறுத்தவரை, தொப்புள்கொடி இரத்தத்தை வைத்து நடந்த ஆய்வுகளில் சிறிது நம்பிக்கை தெரிகிறது. ஆனால் இங்கே பல லட்சம் வாங்கிக்கொண்டு எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்துச் செலுத்துவது வேறு சரக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, மூளை முடக்குவாதத்துக்கு இது அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம். பூமியை அடகு வைத்து இதற்குப் போகிறவர்களைத் தடுக்கும் பொறுப்பு உறவினர்களுக்கும் உண்டு. அந்தப் பணத்தில் சிறு பங்கு போதும், நல்ல சி.பி. நாற்காலி, நின்று பழகும் சட்டகம், ஸ்பிளின்ட் மூன்றும் வாங்க. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தெரபிச் செலவும் அதற்குரிய வரம்புக்குள் அடங்கும்.

கடைசியாகப் பள்ளி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடு அல்லது அதற்குமேல் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு, அருகமைப் பள்ளியிலோ அவர் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. முதல் மூன்று நிலைக் குழந்தைகளுக்கு ஊர்ப் பள்ளியே முதல் தேர்வு என்பேன். மற்றப் பிள்ளைகளோடு நாள் முழுதும் நகர்வதும் பேசுவதும் பையை எடுப்பதும் எந்த மையத்திலும் கிடைக்காத பயிற்சி. சேர்க்கைக்குப் போகும்போது வகுப்பறையைப் பார்ப்பதற்கு முன் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வர வேண்டும். படியும் குந்தும் பீங்கானும்தான் இருக்கின்றன என்றால், கைப்பிடியும் சாய்தளமும் மேற்கத்திய இருக்கையும் கேட்டுத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்துடன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.