ஈறு நோய் உள்ளவருக்குப் பல் கம்பியா, அலைனரா?

ஈறில் இரத்தம் கசியும் நிலையில் பற்களை நகர்த்தினால் அவற்றைத் தாங்கும் எலும்பு மேலும் கரையும் என்பதால், கம்பியோ, அலைனர் எனப்படும் கழற்றி மாட்டக்கூடிய ஒளிபுகும் பல் உறையோ, எந்த முறையாயினும், பல்லில் படிந்து இறுகிய காறையை நீக்கி, வீக்கம் அடங்கியதை ஈறு மருத்துவர் அளந்து உறுதிசெய்த பிறகே தொடங்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதங்கள் பிடிக்கும்.

பல்லில் ஒட்டப்படும் உலோகக் கம்பியைச் சுற்றி உணவுத் துணுக்குகள் எளிதில் தங்குவதால், பல்லிடைத் தூரிகை இன்றிச் சமாளிக்க இயலாது. ஆனால் எலும்பு தேய்ந்து, விசிறிபோல் விரிந்து முன்தள்ளிய பற்களை உள்ளிழுப்பதில் மருத்துவரின் கட்டுப்பாடு கம்பியிலேயே கூடுதல். செலவும் பொதுவாகக் குறைவு.

அலைனரைக் கழற்றிவிட்டு நன்றாகப் பல் துலக்கலாம் என்பது ஈறு நோயாளிக்குப் பெரிய நன்மை. எனினும் நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிந்தாக வேண்டும். ஏற்காட்டுக் குளிரில் அடிக்கடி காப்பி குடிப்பவர் ஒவ்வொரு முறையும் கழற்றி, கொப்பளித்து, மறக்காமல் மாட்டுவாரா என்பது ஐயமே. கம்பி அறுந்து கன்னத்தில் குத்தினால் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மருத்துவரைக் காணச் சேலத்துக்கு இறங்கும் தொல்லை அலைனரில் இல்லை.

பற்களின் விலகல் சிறிதாயின் அலைனர் போதும். பெரிதாயின் கம்பியே மேல் என்பது என் கருத்து. இரண்டிலும் சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறை ஈறு சுத்திகரிப்பும், சிகிச்சை முடிந்தபின் பற்கள் பழைய நிலைக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் ரீடெய்னரும் தவிர்க்க முடியாதவை.