பவுடர் தடவி ஆயில் ஒழுகலைப் பிடித்த மஞ்சக்குப்பம் மெக்கானிக்

அப்பாவின் புல்லட், 1984 மாடல், பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின். ராத்திரி நிறுத்தினால் காலையில் வாசலில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கிடக்கும். ஏற்கெனவே ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு முறை டைமிங் கவர் (இன்ஜினின் வலது பக்க மூடி) பேக்கிங் மாற்றி, சுற்றிலும் சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி அனுப்பினார்கள். நிற்கவில்லை. கேட்டதற்கு, "புல்லட்ல ஆயில் ஒழுகலன்னா உள்ள ஆயில் இல்லன்னு அர்த்தம் சார்" என்று அந்தப் பழைய ஜோக். நானும் சிரித்துவிட்டுக் காசு கொடுத்துவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய.

அப்புறம்தான் நண்பர் ஒருவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் போர்டுகூட இல்லாத இந்தக் கடைக்கு அனுப்பினார். பெரியவர் ஸ்பேனரையே தொடவில்லை. இன்ஜின் முழுக்க மண்ணெண்ணெய் விட்டு பிரஷ் போட்டுக் கழுவி, துணியால் துடைத்துக் காயவைத்தார். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை எடுத்து, டைமிங் கவருக்கு மேலே இருக்கும் சின்ன மூடியான டேப்பெட் கவரிலிருந்து கீழே வரை தூவினார். "ரெட்டிச்சாவடி வரைக்கும் ஓட்டிட்டு வா தம்பி, வந்ததும் தொடைக்காத" என்றார். திரும்பி வந்து பார்த்தால், வெள்ளைப் பவுடரில் டேப்பெட் கவரின் கீழ் விளிம்பிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு இறங்கியிருந்தது. அது டைமிங் கவர் மேல் வழிந்து, ஓட்டும்போது அடிக்கும் காற்றில் பின்னால் பரவியிருக்கிறது. இரண்டு முறை பேக்கிங் மாற்றிய இடத்தில் கோளாறே இல்லை!

கவரைக் கழற்றிக் கண்ணாடி மேல் வைத்துக் காட்டினார். ஆடியது. ஒழுகுதே என்று யாரோ நட்டை முறுக்கி முறுக்கி வளைத்திருக்கிறார்கள். அதே கண்ணாடியில் எமரி ஷீட் விரித்து, அரை மணி நேரம் தேய்த்துச் சமமாக்கினார். ஆனால் அதோடு விடவில்லை, இன்ஜின் மூச்சு விடும் குழாயான பிரீதரின் ரப்பரையும் பிடுங்கிப் பார்த்தார். கல் மாதிரி இறுகியிருந்தது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்ளே அழுத்தப்படும் காற்று அது வழியாகத்தான் வெளியேற வேண்டும், ஏறும்போது அது மூடிக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒழுங்காக நடக்காவிட்டால் உள்ளே அழுத்தம் சேர்ந்து, கிடைத்த இடுக்கில் ஆயிலைத் தள்ளும், நீங்கள் எத்தனை பேக்கிங் போட்டாலும். பழைய சிலிக்கானையும் சுரண்டி எடுத்தார். அது உள்பக்கம் பிதுங்கிப் பிய்ந்து ஆயில் வழியை அடைத்தால் ஒழுகலைவிடப் பெரிய செலவாம்.

சாமானும் கூலியும் சேர்த்து 1,400 ரூபாய். பில் கேட்டால் முறைக்கிறார், போன் எடுப்பதே இல்லை, நான்கு நாள் என்று சொல்லிப் பதினொரு நாள் ஆக்கினார். அவசரக்காரர்களுக்குச் சரிப்படாது. எனக்கு வருத்தமில்லை.

வேலை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, வலது பக்கம் காய்ந்தே இருக்கிறது. இடது பக்கம் கிளட்ச்சை மூடியிருக்கும் பிரைமரி கவரில் மட்டும் காலையில் இரண்டு சொட்டு. அதற்கு ஆயுத பூஜை கழித்து வரச் சொல்லியிருக்கிறார், அதுவரை கீழே ஒரு அட்டை போட்டு வைத்திருக்கிறேன்.