குரோம், விவால்டி, ஃபயர்ஃபாக்ஸ்: பிரவுசர் மாற்றும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பல வருடங்கள் குரோமில் இருந்துவிட்டு இப்போது ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்திருக்கிறேன். நடுவில் கொஞ்ச காலம் விவால்டியையும் அன்றாட வேலைக்கு வைத்துப் பார்த்தேன். என் சாய்வு ஃபயர்ஃபாக்ஸ் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது, ஏன் என்பதையும் சொல்கிறேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2008-ல் குரோம் வந்தபோது அது உண்மையிலேயே வேறு ரகம். வலைப்பக்கங்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இயந்திர மொழிக்கே மாற்றி ஓட்டும் வி8 எஞ்சின், டேப்களைத் தனித்தனி பிராசஸ்களாகப் பிரிக்கும் அமைப்பு என்று மற்றவர்களை ஓடவைத்தது. ஃபயர்ஃபாக்ஸ் நன்றாகவே பின்தங்கியது. 2017 நவம்பரில் குவாண்டம் என்ற பெயரில் 57-ஆம் பதிப்பு வந்த பிறகு அந்த இடைவெளி பெருமளவு குறைந்துவிட்டது. ஸ்பீடோமீட்டர் போன்ற சோதனைகளை ஓட்டினால் இன்றும் குரோம் முன்னால் நிற்கலாம். ஆனால் அன்றாடம் பக்கம் தாமதமாகத் திறப்பதற்குப் பெரும்பாலும் எஞ்சின் காரணமாக இருப்பதில்லை. பக்கத்தோடு சேர்ந்து இறங்கும் விளம்பரங்களும் நம்மைப் பின்தொடரும் ஸ்கிரிப்ட்களும்தான் நேரத்தைத் தின்கின்றன. அவற்றை நிறுத்தினால் கிடைக்கும் வேகம் எஞ்சின் மாற்றிக் கிடைப்பதைவிட அதிகம்.

விவால்டியும் குரோமுக்கு அடிப்படையான குரோமியம் என்ற திறந்த மூல அடித்தளத்தில் ஓடுவதால் பக்கங்கள் குரோம் மாதிரியேதான் திறக்கும். அதன் பட்டன்கள், மெனுக்கள் எல்லாமே வலைத் தொழில்நுட்பத்தில் எழுதப்பட்டவை என்பதால், புது விண்டோ திறக்கும்போது மட்டும் ஒரு சின்னத் தயக்கம் தெரியும். ராம் விஷயத்தில் மூன்றுமே பசிக்காரர்கள்தான். மூன்றிலும் சும்மா கிடக்கும் டேப்களைத் தூங்கவைக்க வழி இருக்கிறது.

தோற்றம் என்று வந்தால் விவால்டி தனி உலகம். ஓபரா பிரவுசரை உருவாக்கியவர்களில் ஒருவரான யோன் வான் டெட்ஸ்னர் தொடங்கியது அது. 2013-ல் ஓபரா தன் சொந்த பிரெஸ்டோ எஞ்சினைக் கைவிட்டுக் குரோமியத்துக்கு மாறியபோது, பழைய வசதிகள் பல காணாமல் போயின. அந்த வாடிக்கையாளர்களை மனதில் வைத்து வந்ததுதான் 2016-ல் வெளியான விவால்டியின் முதல் பதிப்பு. டேப் பட்டையை நான்கு பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். டேப்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். இரண்டு மூன்று பக்கங்களை ஒரே விண்டோவில் அருகருகே பிரித்து வைத்துப் படிக்கலாம். மவுஸ் அசைவுகள், கீபோர்டு ஷார்ட்கட்கள் எல்லாம் நம் இஷ்டம். எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு நாம் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல்) எதுவும் போடாமல் இத்தனையும் கிடைக்கிறது என்பதுதான் விசேஷம். குரோமோ சுத்தமாக, அமைதியாக இருக்கும். பதிலுக்கு, கொடுத்ததை வைத்துக்கொள்ள வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் இரண்டுக்கும் நடுவில். பட்டன்களை இழுத்து இடம் மாற்றலாம். செங்குத்து டேப்களுக்காக மக்கள் நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது 2025 மார்ச்சில் 136-ஆம் பதிப்பில்தான் வந்தது.

சரி, எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். நாம் நமக்கேற்ப மாற்றி வைத்ததெல்லாம் அடுத்த அப்டேட்டுக்குப் பிறகும் வேலை செய்யுமா? அதை முடிவு செய்வது யார்?

குரோமில் நமக்கேற்ப மாற்றுவது என்றால் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன்தான். அந்த எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளைக் கூகுள் மேனிஃபெஸ்ட் வி3 என்ற பெயரில் மாற்றியது. முன்பெல்லாம் பிரவுசர் வெளியே அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் எக்ஸ்டென்ஷன் இடைமறித்துப் பார்த்து, போகலாமா கூடாதா என்று தானே முடிவெடுக்கும். புதிய முறையில் விதிகளின் பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிட வேண்டும், தடுக்கும் வேலையைப் பிரவுசர் பார்த்துக்கொள்ளும். பட்டியலின் அளவுக்கும் வரம்பு உண்டு. பாதுகாப்புக்காகவும் வேகத்துக்காகவும் என்று காரணம் சொன்னார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை, ஏனென்றால் எல்லாக் கோரிக்கைகளையும் பார்க்கும் எக்ஸ்டென்ஷன் தப்பானவர் கையில் போனால் ஆபத்துதான். ஆனால் விளைவு என்ன? யூபிளாக் ஆரிஜின் என்ற அருமையான விளம்பரத் தடுப்பான் இப்போது குரோமில் ஓடாது. அதன் லைட் பதிப்புதான் ஓடும். அதே வேலையை அது ஓரளவு செய்கிறது, முழுதாக இல்லை.

ஃபயர்ஃபாக்ஸ் புதிய விதிமுறையை ஏற்றுக்கொண்டாலும், இடைமறிக்கும் அந்தப் பழைய உரிமையை எடுக்கவில்லை. இன்னொரு நுணுக்கமும் உண்டு. சில கண்காணிப்பு நிறுவனங்கள் தங்கள் சர்வரை, நாம் பார்க்கும் தளத்தின் துணைப் பெயருக்குப் பின்னால் ஒளித்து வைக்கும். பெயரை மட்டும் பார்த்தால் அந்தத் தளத்தின் சொந்தச் சரக்கு போலவே இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜினால் அந்தப் பெயர் உண்மையில் யாரிடம் போகிறது என்று விசாரித்துத் தடுக்க முடியும், ஏனென்றால் அதற்கான வழியை ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷன்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. புதிய விதிகளுக்கு முன்பும் குரோமில் இது முடிந்ததில்லை.

விவால்டி இந்தச் சிக்கலைப் பாதி தாண்டிவிடுகிறது. அதன் விளம்பரத் தடுப்பான் பிரவுசருக்குள்ளேயே இருப்பதால் எக்ஸ்டென்ஷன் விதிகள் அதைத் தொடாது. மற்ற எக்ஸ்டென்ஷன்கள் விஷயத்தில் குரோமியம் போகும் வழியில்தான் அதுவும் போக வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் உத்தமமா என்றால், இல்லை. அதே 57-ஆம் பதிப்பில் பழைய எக்ஸ்டென்ஷன்கள் எல்லாவற்றையும் ஒரே அடியாக நிறுத்தியது அவர்கள்தான். பலருடைய அமைப்பு ஒரே அப்டேட்டில் சரிந்தது. இன்றும் தோற்றத்தை ஆழமாக மாற்ற வேண்டுமென்றால் யூசர்குரோம் என்ற சிஎஸ்எஸ் கோப்பை (தோற்றத்துக்கான விதிகள் கொண்ட கோப்பு) நாமே எழுத வேண்டும். 69-ஆம் பதிப்பிலிருந்து அது தானாக வேலை செய்யாது, உள் செட்டிங்ஸில் போய் இயக்க வேண்டும். அப்புறம், பிரவுசரின் உள்பாகங்களுக்கு வைத்திருக்கும் பெயர்கள் அப்டேட்டில் மாறினால் நாம் எழுதிய வரி செத்துவிடும். இந்தப் பராமரிப்பு சாதாரண வேலை இல்லை. எனக்குத் தெரிந்து ஒரே வழி, கோப்பைச் சின்னதாக வைப்பது. ஒவ்வொரு வரிக்கும் மேலே அது எதற்கு என்று குறிப்பு எழுதி, ஒரு நகலையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது கோளாறு தெரிந்தால் முதலில் கோப்பின் பெயரை மாற்றிவிட்டுப் பிரவுசரை மறுபடி திறந்து பாருங்கள். கோளாறு போய்விட்டால் காரணம் அந்தக் கோப்புதான். இணையத்தில் கிடைக்கும் முழுத் தோற்ற மாற்றங்களை அப்படியே போட்டுக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதை எழுதியவர் நிறுத்தினால் நாமும் நிற்க வேண்டியதுதான். தோற்ற மாற்றம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் விவால்டி மேல். செட்டிங்ஸிலேயே இருக்கும் விஷயம் அப்டேட்டில் அவ்வளவு சீக்கிரம் உடையாது.

ஃபயர்ஃபாக்ஸில் எனக்கு விட முடியாத இன்னொன்று கன்டெய்னர் டேப்கள். ஒரே தளத்தில் இரண்டு கணக்குகளை ஒரே விண்டோவில், வெவ்வேறு நிறக் கோடு போட்ட டேப்களில் திறந்து வைக்கலாம். குரோமில் இதற்குத் தனி புரொஃபைல், தனி விண்டோ.

போனில், ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸுக்கு எக்ஸ்டென்ஷன்கள் உண்டு. 2023 டிசம்பரில் அந்தக் கதவை அகலமாகவே திறந்துவிட்டார்கள். ஐஃபோனில் அந்த வசதி இல்லை, அங்கே மாறுவதால் பெரிய லாபமும் இல்லை. விவால்டியை நான் கணினியில்தான் பழகியிருக்கிறேன், போனில் அது எப்படி என்று தீர்ப்பு சொல்லும் அளவுக்கு அனுபவம் கிடையாது.

ஃபயர்ஃபாக்ஸில் என்னை உறுத்தும் குறைகளும் உண்டு. குரோமில் மட்டும் சோதித்துவிட்டு வெளியிடும் தளங்கள் அதிகம். எப்போதாவது ஒரு படிவம் நகராது, ஒரு வீடியோ அழைப்பு தகராறு செய்யும். அதற்காக இன்னொரு பிரவுசரைக் கணினியில் வைத்திருக்கத்தான் வேண்டும். ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுளின் தேடல் ஒப்பந்தத்திலிருந்து வருவதும் எனக்குக் கவலைதான். அலுவலக வேலை முழுக்கக் கூகுள் சேவைகளில் நடக்கிறது, எதையும் மாற்றிப் பார்க்கும் எண்ணமும் இல்லை என்பவர் குரோமிலேயே இருக்கலாம்.

மாறுபவர்களுக்கு ஒன்று. புக்மார்க்குகள் சிரமமில்லாமல் வந்துவிடும். எக்ஸ்டென்ஷன்களுக்குள் நாம் செய்த செட்டிங்ஸ் வராது, அவற்றை ஒவ்வொன்றாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். கடவுச்சொற்களை சிஎஸ்வி கோப்பாக எடுத்து மாற்றினால், அந்தக் கோப்பில் எல்லாமே வெறும் எழுத்தாகத் திறந்து கிடக்கும். வேலை முடிந்ததும் அதை அழித்து, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் காலி செய்துவிடுங்கள்.