காளான் அறைக்கு வெளிநாட்டு டக்ட் ஃபேன்: வயரிங் செய்து ஓட்டிய அனுபவம்

சென்னை கோட்டிவாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் காளான் வளர்க்கிறேன். பத்துக்குப் பத்து அறை, உயரம் ஒன்பது அடி. மழை தொடங்கியதிலிருந்து தை மாதம் வரைக்கும் சிப்பிக் காளான், வெயில் ஏறியதும் பால் காளான். இரண்டுக்கும் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்க வேண்டும், அதே சமயம் காற்று தேங்கவும் கூடாது. கார்பன் டை ஆக்சைடு தேங்கினால் சிப்பிக் காளானுக்குக் காம்பு மட்டும் நீண்டு குடை சின்னதாக நின்றுவிடும், சந்தையில் யாரும் தொடமாட்டார்கள். ஆக நாள் முழுக்க ஓடுகிற டக்ட் ஃபேன் (குழாயோடு பொருத்திக் காற்றைத் தள்ளும் ஃபேன்) வேண்டும், அதுவும் தண்ணீர் சொட்டுகிற அறைக்கு. இந்த ஒரு காரணத்துக்காகவே ஃபேனின் விலையையும் சத்தத்தையும் விட வயரிங்கைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் அளவு. அறையின் கொள்ளளவு 900 கன அடி. மணிக்கு ஆறு தடவை காற்று மாற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 90 கன அடி, அதாவது 90 சி.எஃப்.எம். பெட்டியில் போட்டிருக்கும் சி.எஃப்.எம். கணக்கு குழாய், ஃபில்டர் எதுவும் இல்லாமல் ஃபேன் சும்மா ஓடும்போது வருவது. ஃபில்டரும் இரண்டு வளைவும் சேர்ந்தால் நன்றாகவே குறையும். அதனால் 4 இஞ்ச் வேண்டாம் என்று முடிவு செய்து 6 இஞ்ச் ஃபேன் இரண்டு வைத்தேன். ஒன்று நானே வரவழைத்த ஈ.சி. மோட்டார் ஃபேன் (உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட்டே மோட்டாரை ஓட்டும் வகை), 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். இன்னொன்று அமெரிக்காவில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர் ஊருக்கு வரும்போது ஆசையாக வாங்கிவந்தது. நல்ல கனமான, தரமான ஃபேன், ஆனால் பெயர்த் தகட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தது.

அந்தத் தகடுதான் முக்கியம். பின்னைப் பார்த்து, கன்வெர்ட்டர் பின் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அந்தப் பின் துளையைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. நம்மூர் 230 வோல்ட்டை 120 வோல்ட் மோட்டாருக்கு நேரடியாகக் கொடுத்தால் காயில் கருகிவிடும், புகை வர அதிக நேரம் பிடிக்காது. சரி, 230-ஐ 110 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ரிச்சி தெருவில் கிடைக்குமே என்றால், கிடைக்கும். ஆனால் அது வோல்ட்டை மட்டும் இறக்கும், ஹெர்ட்ஸ் 50 ஆகவே இருக்கும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏ.சி. மோட்டார் 50-ல் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, அதே சமயம் கூடுதலாகச் சூடாகி ஓடும். தகட்டில் 50/60 என்று இரண்டும் இருந்தால் பயமில்லை.

டிரான்ஸ்ஃபார்மரில் இன்னொரு விஷயம் இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. விலை குறைந்தவை பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள், உள்ளே ஒரே காயில்தான். பேஸும் நியூட்ரலும் இடம் மாறி வந்துவிட்டால் 110 என்று நினைத்துத் தொடுகிற பக்கத்திலேயே தரைக்கு எதிராக 230 வோல்ட் நிற்கும். அதோடு வெளியே இரண்டு துளைதான் இருக்கும், எர்த் கடந்து போகாது. உலோக உடம்புள்ள ஃபேனை ஈர அறையில் எர்த் இல்லாமல் ஓட்டுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நான் வாங்கியது தனித்தனிக் காயில் உள்ள ஐசொலேஷன் வகை, ஃபேனின் வாட்டைப் போல மூன்று மடங்கு திறன், அறைக்கு வெளியே தனிப் பெட்டியில் வைத்து, ஃபேன் உடம்புக்கு எர்த்தைத் தனியாக இழுத்தோம்.

கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் எங்கள் தெருவுக்கே முப்பது வருடமாக வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன். அமெரிக்க ஃபேனின் மூடியைத் திறந்ததும் கறுப்பு, வெள்ளை, பச்சை வயர்கள்.

"சார், கறுப்பு நியூட்ரல்தானே, வெள்ளை என்ன, பேஸா?"

"இல்ல அண்ணே, அவங்க ஊர்ல கறுப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல். மூடிக்கு உள்பக்கம் படம் ஒட்டியிருக்கு பாருங்க."

மூடியைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தார். "இதைப் பார்க்காம யார் வந்தாலும் மாத்தித்தான் சார் குடுப்பாங்க" என்றார். உண்மை. நம் வீடுகளில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஐரோப்பிய முறையில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த், சீனாவிலிருந்து வருபவற்றிலும் பெரும்பாலும் இதுதான். மாற்றிக் கொடுத்தாலும் ஃபேன் ஒழுங்காகச் சுற்றும், அங்கேதான் ஆபத்து. ஃபேனில் உள்ள சுவிட்சும் ஃபியூஸும் கறுப்பு வயரில் உட்கார்ந்திருக்கும். இடம் மாறினால் சுவிட்சை அணைத்த பிறகும் மோட்டார் காயிலில் பேஸ் நிற்கும், இறக்கை துடைக்கப் போகிறவர் கையில் அது பாயும். நிறத்தை நம்பாமல் மூடியில் இருக்கும் படத்தைப் பார்த்துக் கொடுங்கள். கொடுத்த பிறகு மல்டிமீட்டரில் பாருங்கள். நியான் டெஸ்டர் பக்கத்து வயரின் தூண்டலுக்கும் லேசாக எரியும், அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

நேராகக் கரண்ட் கொடுக்காமல் முதலில் சீரிஸ் லேம்ப் (லைனுக்கு நடுவே தொடராக ஒரு குண்டு பல்பு) போட்டுப் பார்த்தார், அது எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், அவ்வளவோடு நிற்கும், பொருள் போகாது. எர்த்தையும் மீட்டரோடு விடவில்லை. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் 230 காட்டினாலும் எர்த் பலவீனமாக இருக்கலாம், சுமை கொடுத்தால்தான் தெரியும். ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனை வெட்டும் கருவி) மாட்டுவதற்கு முன்பே 100 வாட் குண்டு பல்பை பேஸிலும் எர்த்திலும் கொடுத்துப் பார்த்தார், பிரகாசமாக எரிந்தது. இது எலக்ட்ரீஷியன் கையால் மட்டும் நடக்க வேண்டிய சோதனை, நீங்களாகச் செய்யாதீர்கள்.

காளான் அறைக்கென்று தனி லைன்: 1.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், 6 ஆம்ப்ஸ் எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. எம்.சி.பி. இருக்கிறதே, ஃபேன் மாட்டிக்கொண்டு நின்றால் விழுந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இந்த ஃபேன் இழுப்பதே அரை ஆம்பியருக்குக் கீழே. இறக்கை சிக்கி நின்று சூடானாலும் 6 ஆம்ப்ஸ் எம்.சி.பி.க்கு அது தெரியாது, அது வயரைத்தான் காப்பாற்றும். அதனால் ஒவ்வொரு ஃபேனுக்கும் தனியாக 1 ஆம்ப்ஸ் கண்ணாடி ஃபியூஸ் போட்டிருக்கிறேன், மோட்டாருக்குள் தெர்மல் கட் ஆஃப் (சூடு ஏறினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் சுவிட்ச்) இருக்கிறதா என்று கேட்டும் வாங்கினேன். அந்த கட் ஆஃப் பல ஃபேன்களில் ஆறியதும் தானே ஓட ஆரம்பிக்கும். நின்றுவிட்டதே என்று உள்ளே விரலை விடாதீர்கள், முதலில் லைனை அணையுங்கள்.

இனி ஈரம். முடிந்த வரைக்கும் மின்சாரச் சாமான் எதுவும் அறைக்குள் இருக்கக் கூடாது என்பதுதான் என் முடிவு. ஈ.சி. ஃபேன் வெளிச்சுவரில், ஃபில்டருக்குப் பின்னால் நின்று, வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிறது, அதனால் மோட்டார் மீது ஈரக்காற்று படுவதே இல்லை. இன்னொன்று வெளியே இழுக்க, அதற்குத்தான் பாடு. சிப்பிக் காளான் முற்றினால் ஸ்போர் (காளானின் வித்து) வெள்ளைப் பொடியாகப் பறக்கும், இறக்கை முழுக்கப் படிந்து பாலன்ஸ் போய் ஃபேன் ஆட ஆரம்பிக்கும். அந்தப் பொடி நுரையீரலுக்கும் ஆகாது, முகக்கவசம் இல்லாமல் துடைக்காதீர்கள், காளானையும் குடை விளிம்பு விரிந்து மடங்குவதற்கு முன்பே பறித்துவிடுங்கள்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு, ஃபேனில் வயர்கள் சேரும் டெர்மினல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே தள்ளும் ஃபேனில் திருகுகள் புதுசு மாதிரி இருந்தன. வெளியே இழுக்கும் ஃபேனில் இரண்டு திருகின் தலையில் பச்சைக் களிம்பு, வயரின் செம்பு நுனி கறுத்துப் போயிருந்தது. கடல் பக்கத்து வீடு வேறு, உப்புக்காற்று சும்மா விடாது. வயர் நுனியை வெட்டிப் புதுசாகச் சீவி, லக் (வயர் நுனிக்கான உலோக முனை) வைத்து அழுத்தி கிரிம்ப் செய்து, திருகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றினோம். பெட்டிக்குள் வயர் மேலிருந்து வந்தது, அதைக் கீழ்ப்பக்கத் துளைக்கு மாற்றி கேபிள் கிளாண்ட் (வயரை இறுக்கிப் பிடித்துத் துளையை அடைப்பது) போட்டு, நுழைவதற்கு முன் வயரைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டோம். இப்போது அறையில் வியர்க்கும் தண்ணீர் வயர் வழியாக ஊர்ந்து வந்தாலும் அந்த வளைவின் அடியில் நின்று சொட்டிவிடுகிறது, பெட்டிக்குள் ஏறுவதில்லை. இவ்வளவுக்கும் செலவு மிகக் குறைவு, முதல் நாளே எல்லாரும் செய்யலாம். ஃபேன் வாங்கும்போது ஐபி44 அல்லது அதற்கு மேல் என்று பாருங்கள், நான்கு பக்கமும் தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்று அர்த்தம்.

ரெகுலேட்டர் விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். ஈ.சி. மோட்டாருக்கு சீலிங் ஃபேன் ரெகுலேட்டரைப் போடவே கூடாது, அதற்கென்று வரும் கண்ட்ரோலர் மட்டும்தான். ஏ.சி. மோட்டார் ஃபேனிலும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்டால் ம்ம்ம் என்று முனகும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரிலும் அதே முனகல், சூடும் கூடும், சைன் வேவ்தான் ஒத்துவரும். மே மாதச் சாயங்காலங்களில் வோல்டேஜ் இறங்கும்போது ஏ.சி. மோட்டார் சோர்ந்து போகும், ஈ.சி. ஃபேனில் வித்தியாசமே தெரியவில்லை.

கடைக்காரர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: கரண்ட் போய் வந்தால் ஃபேன் தானே பழைய வேகத்தில் ஓடுமா? சில டச் கண்ட்ரோலர்கள் கரண்ட் வந்த பிறகு அணைந்த நிலையிலேயே காத்திருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சமயம் கரண்ட் போனபோது கதவைத் திறந்து வைத்துத்தான் சமாளித்தேன், ஆனால் சாதாரண நாட்களில் நடுராத்திரி அரை மணி நேரம் போய் வந்து, ஃபேன் நின்றபடியே இருந்தால் காலையில்தான் தெரியும். காற்று நின்று ஈரம் குடை மேல் தேங்கினால் பழுப்புப் புள்ளி விழும். என்னுடையது தானே ஓடுகிறது, மெயினை அணைத்துப் போட்டுச் சோதித்த பிறகுதான் நம்பினேன். அந்தப் புயலுக்குப் பிறகு போர்டையும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியையும் தரையிலிருந்து ஐந்தடிக்கு ஏற்றிவிட்டோம்.

இத்தனை வருடத்தில் ஈ.சி. ஃபேனுக்கு ஃபில்டர் மாற்றியதைத் தவிர எந்தச் செலவும் இல்லை, சத்தம் பக்கத்து அறையில் கேட்காது. அமெரிக்க ஃபேன் எதிர்பார்த்தபடி சூடாகவே ஓடியது, கடைசியில் கன்டென்சர் (மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெபாசிட்டர்) வீக் ஆகிக் கையால் தள்ளினால்தான் சுற்றும் என்ற நிலைக்கு வந்தது. லேபிளில் இருந்த அதே மைக்ரோ ஃபேரட், அதே வோல்ட்டுக்குக் கன்டென்சர் வாங்கி மாற்றியதும் சரியானது, பழசைத் தொடுவதற்கு முன் அதில் தங்கியிருக்கும் சார்ஜை எலக்ட்ரீஷியன் இறக்கினார். ஃபேன் ஓடுகிறது என்றாலும் நாள் முழுக்க ஓட்ட மனசில்லை. அந்த இடத்துக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் போட்ட இன்னொரு ஈ.சி. ஃபேன் வந்துவிட்டது, அக்கா வீட்டுக்காரருக்கும் சொல்லிவிட்டேன். உறவுக்காரர்கள் அங்கிருந்து ஃபேன் வாங்கி வருகிறேன் என்று சொன்னால், பணம் கொடுப்பதற்கு முன் அந்தப் பெயர்த் தகட்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.